பிழை என்கிற சௌகரியம்

அந்நிய நிதி என்றதும் மூக்கைப் பொத்திக்கொள்வது நம் சிறுபத்திரிகைச் சூழலின் வழக்கம். ‘காசு யாருது?’ என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனா அதோட வாசிப்பை முடிச்சிக்கிறது சோம்பேறித்தனம்.

செயற்கை அறிவை விசாரிக்கும் பத்திரிகையாளர்களுக்கென்று புலிட்சர் மையம் 2022இல் ஒரு நிதித்திட்டத்தைத் தொடங்கியது. அதன் ஆதரவில் 2024 ஜனவரியில் அல் ஜசீராவில் வந்த தெலங்கானா கட்டுரையை ஒரு பிரதியாக வாசிக்கிறேன். 2014-2019க்குள் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேஷன் அட்டைகள் ரத்தானதையும், அதில் ‘சமக்ர வேதிகா’ என்ற அல்காரிதத்தின் பங்கையும் அது தோண்டியெடுத்தது. ஒரு ரிக்‌ஷாக்காரக் குடும்பத்தைக் கார் வச்சிருக்கிற குடும்பம்னு இயந்திரம் தீர்மானித்திருக்கிறது. இதைத் தேடியலைய எந்த நாளிதழ் சம்பளம் கொடுக்கும்?

அரசின் மூடுமந்திரத்தையும் கட்டுரை பேசுகிறது. ஆனாலும் அதன் மையத்தில் இருப்பது ‘பிழை’. ஓட்டைக் கார் ஒன்றை நிஜமாகவே வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பவர்? அவர் பிரதிக்கு வெளியே நிற்கிறார். பிழையைத் திருத்து என்று மட்டும் கேட்டால், ஏழை யாரென்று வகைப்படுத்தும் அதிகாரம் அப்படியே தப்பித்துவிடுகிறது. நிரூபிக்கத்தக்க தவறு, அளக்கத்தக்க விளைவு: நிதி விண்ணப்பத்தின் இந்த இலக்கணமே கதையாடலின் இலக்கணமாகவும் ஆகிவிடுகிறது.

2023 ஜூலையில் ஓப்பன்ஏஐ நிறுவனம் அமெரிக்க உள்ளூர்ச் செய்தித்துறைக்கு 50 லட்சம் டாலர் அறிவித்தது. அந்தக் காசு கருவியைப் பழகச் சொல்கிறது; இந்தக் காசு சந்தேகிக்கச் சொல்கிறது. ரெண்டும் ஒண்ணில்லை. வாங்கட்டும். விண்ணப்பத்தில் எழுத முடியாத கேள்வியையும் சேர்த்து எழுதட்டும். அதைக் கேட்டுவாங்குவது வாசகர்களான நம் வேலை.