சிறைமீண்டோர் செல்லும் ஊர்

அவுஸ்திரேலியப் பத்திரிகையாளர் பீற்றர் கிறெஸ்ரே எகிப்தியச் சிறையிற் கழித்த 400 நாட்களின் கதையைக் கூறும் ‘த கொரஸ்பொண்டன்ற்’ என்னும் திரைப்படத்தை, சில ஆசிரியர்களும் உயர்தர வகுப்பு மாணவர்களுமாகக் கீரிமலையில் ஒரு வீட்டு விறாந்தையிலிருந்து அண்மையிற் பார்த்தோம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் ஒரு மாணவி எழுப்பிய கேள்வி நடிப்பைப் பற்றியதன்று, ஒளிப்பதிவைப் பற்றியதுமன்று.

“மற்ற ரெண்டு பேரும் பிறகு எங்க போனவை, சேர்?”

கிறெஸ்ரேயோடு கைதான இரு எகிப்தியரைப் பற்றியே அவள் கேட்டாள். அவர்களுக்குப் பொதுமன்னிப்புக் கிடைத்தது என்று விடை சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. கிறெஸ்ரே வீட்டுக்குப் போனார். அவர்கள் எங்கே போனார்கள்? இப்படத்தைப் பற்றி நான் எழுதக் கருதியிருந்தவை அக்கேள்வியின் முன் சிறுத்துப் போயின.

முதலிற் படத்திற்குரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். 2024 இல் வெளிவந்த இதனை நெறிப்படுத்தியவர் கிறிவ் ஸ்ரென்டர்ஸ். கிறெஸ்ரேயாக நடித்தவர் றிச்சர்ட் றொக்ஸ்பரோ. அல்ஜசீரா நிறுவனத்தின் நிருபரான கிறெஸ்ரே வழக்கமாக நைரோபியிலிருந்து பணியாற்றியவர். விடுமுறையிற் சென்ற சக ஊழியர்களின் இடத்தை நிரப்பச் சில வாரங்களுக்கென்று கெய்ரோ வந்தவர். 2013 டிசம்பர் இறுதியில் ஹோட்டல் அறையிலே கைது செய்யப்படுகிறார். அதன்பின் கமெரா அவரை விட்டு அகல்வதில்லை. வெளியே நடந்த ஊர்வலங்களையும் இராஜதந்திரப் பேச்சுக்களையும் காட்டி எம்மை ஆறுதற்படுத்தும் மலிவான வழியை நெறியாளர் நாடவில்லை. கைதி அறிந்ததற்கு மேல் நாமும் அறிவதில்லை. சித்திரவதையைக் காட்சிப் பொருளாக்கிக் கண்ணீருக்கு விலை பேசவுமில்லை. இந்த அடக்கம் பாராட்டுக்குரியது.

இத்தகைய நீதிமன்றங்களின் அபத்தத்தைக் கற்பனையால் மிகைப்படுத்த வேண்டிய தேவை எந்தக் கலைஞனுக்கும் இல்லை. நடந்த வழக்கிலே, நாட்டுக்கு எதிராகப் பொய்ச் செய்தி பரப்பியமைக்குச் சான்றாக அரசதரப்பு காட்டிய ஒளிப்பதிவுகளுள் குதிரைகளைப் பற்றிய ஒரு துண்டும், மேனாட்டுப் பாட்டு ஒன்றும், குடும்பப் படங்களும் இருந்தன. இதை நான் விளக்கியபோது மாணவர்கள் சிரித்தார்கள். அச்சான்றுகளின் பேரில் 2014 ஜூன் 23 ஆம் திகதி வழங்கப்பட்ட தண்டனையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. கிறெஸ்ரேக்கு 7 ஆண்டு. எகிப்து, கனடா ஆகிய இரு நாடுகளின் குடியுரிமை பெற்றிருந்த மொஹமட் ஃபாமிக்கு 7 ஆண்டு. எகிப்தியக் குடியுரிமை மட்டுமே உடைய பாஹெர் மொஹமட்டுக்கு 10 ஆண்டு. பாஹெருக்கு மேலதிகமாக விழுந்த 3 ஆண்டும் வெடித்து முடிந்த ஒரு தோட்டாவின் வெற்றுக்கோதை வைத்திருந்ததற்காக!

படத்தின் குறை எங்கே தொடங்குகிறது? 2005 பெப்ரவரியில் சோமாலியத் தலைநகர் மொகடிசுவில் கிறெஸ்ரேயுடன் சென்றிருந்த பி.பி.சி. தயாரிப்பாளர் கேற் பெய்ற்றன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நினைவு கைதியை வாட்டுவதைப் படம் இடையிடையே காட்டி, அதனைக் கதையின் உள்ளிழையாக நெய்கிறது. தனிமனித உளவியலைக் கண்டாலே முகஞ்சுளிக்கும் நண்பர்கள் எம் அணியிற் சிலர் உளர். நான் அவர்களுள் ஒருவனல்லன். பூட்டிய அறையில் இருப்பவனுக்கு நினைவுதான் உலகம். ஆயினும் இங்கே நேர்வது யாது? ஓர் அரசு ஏன் பேனாவைக் கண்டு அஞ்சுகிறது என்ற கேள்வி, ஒருவன் தன் குற்றவுணர்வை எப்படித் தீர்த்துக்கொள்கிறான் என்ற கேள்வியாக மெல்ல உருமாறிவிடுகிறது. 2013 ஜூலையில் இராணுவம் ஆட்சியைப் பறித்ததும், ஓகஸ்டில் கெய்ரோவின் றாபா சதுக்கத்திலே நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டதும் கதைக்கு வெறும் பின்திரை ஆகின்றன. எகிப்தியர் அப்பின்திரையின் முன்னே நடமாடும் துணைப்பாத்திரங்கள் ஆகின்றனர். வழிதவறி வந்த ஓர் அந்நியனுக்கு நேர்ந்த விபத்துப்போலச் சிறை தோன்றுகிறது.

பாஹெருக்கு அது விபத்தன்று. அவருடைய நாட்டின் சட்டம். அச்சட்டமே இருவேறு கதவுகளை வைத்திருந்தது. 2014 நவம்பரில் எகிப்திய ஜனாதிபதி பிறப்பித்த 140 ஆம் இலக்கச் சட்டம், வெளிநாட்டுக் கைதிகளை அவரவர் நாட்டுக்கு அனுப்பிவிடும் அதிகாரத்தை அவருக்கு அளித்தது. அதன் வழியே 2015 பெப்ரவரி 1 ஆம் திகதி கிறெஸ்ரே வெளியேறினார். அதே கதவால் வெளியேறும் பொருட்டு ஃபாமி என்ன செய்தார் தெரியுமா? தம் எகிப்தியக் குடியுரிமையைத் துறந்தார். பிறந்த மண்ணுக்கு அந்நியன் என்று கையொப்பமிட்டாற்றான் அம்மண்ணின் சிறையிலிருந்து மீளலாம் என்ற நிலை! அவ்வளவு கொடுத்தும் அக்கதவு திறக்கவில்லை. பாஹெருக்கோ துறப்பதற்கு இன்னொரு நாடே இல்லை. இருவரும் பிணையில் வந்து, மறுவிசாரணையில் மீண்டும் சிறைத் தண்டனை பெற்று, 2015 செப்டெம்பர் 23 இல் பொதுமன்னிப்புப் பெற்றனர். ஃபாமி கனடாவுக்குச் சென்றார்.

மாணவியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அந்நியனுக்கு விடுதலை என்பது ஊர் திரும்புதல். சுதேசிக்கு விடுதலை என்பது பெரும்பாலும் ஊர் இழத்தல். முதலாவது கதைக்கு இயல்பான முடிவு உண்டு: விமானம், தாய் தந்தையர், தழுவல். இரண்டாவதற்கு அத்தகைய முடிவு கிடையாது. ஆகவே திரைப்படத் தொழில் முதலாவதையே நாடுகிறது.

இரண்டாவது கதையைத் தேடி நாம் நைல் நதிக்கரைக்குப் போகவேண்டியதில்லை. கொழும்பில் ஆங்கிலத்தில் எழுதிய தமிழ்ப் பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகம் 2008 மார்ச் 7 ஆம் திகதி பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவினராற் கைது செய்யப்பட்டார். ஏறத்தாழ ஐந்து மாதம் குற்றச்சாட்டு எதுவுமின்றித் தடுத்து வைக்கப்பட்டார். பின்னர் சுமத்தப்பட்ட குற்றம் யாது? ‘நோர்த் ஈஸ்ரேண் மந்த்லி’ என்ற சஞ்சிகையில் 2006 இல் வெளியான இரு எழுத்துக்களின் சில பகுதிகளும், அச்சஞ்சிகையை நடத்தப் பணம் திரட்டியமையும். தமிழ் மக்களுக்கு அரசு பாதுகாப்பு அளிக்கவில்லை என்றும், வாகரையில் மக்களுக்கு உணவு மறுக்கப்படுகிறது என்றும் பொருள்பட எழுதியது இனக்குரோதத்தைத் தூண்டும் செயலாம். 1979 இல் தற்காலிக ஏற்பாடு என்று கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம், உயர் பொலிஸ் அதிகாரி ஒருவரிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க இடமளிக்கிறது. தம் வாக்குமூலம் அச்சுறுத்திப் பெறப்பட்டது என்று அவர் கூறியதை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2009 ஓகஸ்ட் 31 ஆம் திகதி கொழும்பு மேல் நீதிமன்றம் விதித்த தண்டனை 20 ஆண்டுக் கடூழியச் சிறை. கெய்ரோ நீதிபதிகூட எழுத்துக்கு அவ்வளவு பெறுமதி கொடுக்கவில்லை.

அவ்வாண்டு மே மாதத்திலேயே அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா அவர் பெயரைக் குறிப்பிட்டிருந்தார். சர்வதேச விருதுகள் அவரைத் தேடி வந்தன. 2010 ஜனவரியிற் பிணையும், மே 3 ஆம் திகதி, உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்தன்று, பொதுமன்னிப்பு அறிவிப்பும் கிடைத்தன. திசைநாயகம் எங்கே போனார்? அமெரிக்காவுக்கு. சிறைக்கதவு திறந்து கடவுச்சீட்டு அலுவலகத்தின் வாசலில் விட்டது.

கீரிமலையில் இருந்துகொண்டு இதை உணர்வது கடினமன்று. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்கள் ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. இங்கே கேணியடியிற் பிறந்தவன், சில மைல் தெற்கே மல்லாகத்து முகாமில் இருந்துகொண்டு, ஆடி அமாவாசைக்குத் தந்தைக்குப் பிதிர்க்கடன் செய்யத் தன் ஊர்த் தீர்த்தத்துக்கு வரமுடியாதிருந்த ஆண்டுகள் பல. எவரும் அவனைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கவில்லை. அவன் இல்லாத ஊரில் பின்னர் ஜனாதிபதிக்கென்று ஒரு மாளிகை எழுந்தது. அவ்வாண்டுகளில் இவ்வூரைப் பற்றி எழுத இவ்வூரில் எவரும் இருக்கவில்லை. பத்திரிகையாளனை நாட்டைவிட்டு அகற்றுவதும் மக்களை ஊரைவிட்டு அகற்றுவதும் ஒரே வேலையின் இரு பகுதிகள் என்று நான் கருதுவதற்கு இவ்வனுபவமே காரணம்.

படத்தின் பெயரைத் தமிழாக்கினால் ‘நிருபர்’ என்றாகும். யாழ்ப்பாணத்திலும் அப்பெயருக்குரிய ஒருவர் இருந்தார். பி.பி.சி.க்கும் வீரகேசரிக்கும் சிங்கள வார இதழான ராவயவுக்கும் செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன், 2000 ஒக்ரோபர் 19 ஆம் திகதி, ஊரடங்குச் சட்டம் அமுலில் இருந்த இரவில், தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குச் சிறையுமில்லை, தீர்ப்புமில்லை, பொதுமன்னிப்புமில்லை. சந்தேகநபர்கள் மீதான வழக்கைத் தொடர்வதில்லை என்று 2021 இல் சட்டமா அதிபர் முடிவு செய்தார். 2022 பெப்ரவரியில் பிரித்தானியப் பொலிசார் அக்கொலை தொடர்பாக ஒருவரைத் தம் நாட்டிலே கைது செய்தனர். செய்திக்கு மட்டுமன்று, நீதிக்கும் வெளிநாட்டு முகவரி வேண்டியிருக்கிறது.

இவற்றைச் சொல்வது கிறெஸ்ரே என்ற மனிதரைக் குறைப்பதற்கன்று. படத்தைவிட அவர் வாழ்வு இவ்விடயத்திலே தெளிவாக இருக்கிறது. சிறையின் முதல் வாரங்களில் அடுத்த அறையில் இருந்து, சிறையில் எவ்வாறு தாக்குப்பிடிப்பது என்று அவருக்குக் கற்பித்தவர் எகிப்திய எழுத்தாளர் அலா அப்துல் ஃபத்தா. பத்தாண்டுக்குப் பின்னும் அவர் சிறையில் வாடக்கண்டு, 2025 ஜனவரியில் கிறெஸ்ரே இலண்டனில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அலாவின் தாயார் லைலா சுவைஃப் அதற்கு முன்பே தொடங்கியிருந்த உண்ணாவிரதத்தில் அவரும் இணைந்துகொண்டது அது. அவ்வாண்டு செப்டெம்பரில் அலா மன்னிக்கப்பட்டார். விமானமேறிய கைதி, ஏறாதவனுக்காகப் பசி கிடந்தான். இப்படம் அந்த இடத்தை நோக்கி நகர்ந்திருக்குமாயின் அதன் தரமே வேறாயிருக்கும்.

எம் மாணவர்கள் இப்போது திரைக்கதை எழுதிப் பார்க்க விரும்புகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று என்னைக் கேட்டார்கள். நடந்தது நடந்தபடியே போதும் என்றேன். 2008 மார்ச் 6 ஆம் திகதி, அச்சகம் நடத்திய நண்பர் ஒருவர் கைதாகிறார். மறுநாள் ஒரு மனிதர், நண்பருக்கு என்ன நடந்தது என்று விசாரிப்பதற்காகப் பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவின் அலுவலகத்துக்குள் தாமாகவே நடந்து போகிறார்.