அப்புறம் அந்தப் பொண்ணு?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வண்டியில் 'என் சரித்திரம்' வாசித்துக்கொண்டே போனோம். நான் ஓட்டினேன், மனைவி சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள், பாப்பா பின்சீட்டில் தூங்கிவிட்டாள். எங்களுக்கு ஊர் என்றால் இரண்டு. நான் பெரம்பலூர், அவள் அரியலூர். நடுவில் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டு அரசியல் மொத்தமும் அந்தத் தூரத்துக்குள்தான் நடக்கிறது. பொங்கல் எந்த வீட்டில், மாட்டுப் பொங்கல் எந்த வீட்டில், எங்கே ஒரு ராத்திரி கூடத் தங்கினோம் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. அதனால் இந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்கள் வருகிற புத்தகம் என்று சொல்லித்தான் அவளைப் படிக்க வைத்தேன்.

உ.வே.சாவின் கல்யாண அத்தியாயம் முடியும்போது திருமாந்துறை டோல்கேட் வந்துவிட்டது. மேலே கொஞ்ச தூரம் படித்தவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "சரி, அப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?"

"வரும், படி" என்றேன். ஏற்கனவே இரண்டு தடவை முழுசாகப் படித்த புத்தகம். அந்தத் தைரியத்தில் சொன்னது. அரியலூர் போய்ச் சேருகிற வரைக்கும் வரவில்லை.

'என் சரித்திரம்' 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வர ஆரம்பித்தது. ஐயருக்கு அப்போது வயது எண்பத்தைந்து. 1942 ஏப்ரலில் அவர் இறந்துபோக, தொடர் பாதியில் நின்றது. 1950இல் புத்தகமானது. ஏடு தேடி அலைந்த மனிதரின் கதை என்றுதான் நாம் எல்லோரும் இதைச் சொல்கிறோம். பாடப்புத்தகமும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தது. ஆனால் முதல் பகுதியில் தேடப்படுவது ஏடு அல்ல, வாத்தியார். பையனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்பதற்காக ஒரு குடும்பம் சட்டிப்பானையோடு ஊர் ஊராக மாறுகிறது. அரியலூரில் (அவர் எழுதுவது அரியிலூர்) சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். அப்பா வேங்கடசுப்பையர் உடையார்பாளையத்துக் கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் கற்றவர். கதை சொல்லி, பாடி, ஊர்க்காரர்கள் கொடுக்கிற நெல்லிலும் பருப்பிலும் குடித்தனம் நடத்துகிறார். ஒரு ஊரில் பாடம் தீர்ந்தால் அடுத்த ஊர்.

குன்னம் இன்றைக்குப் பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு வட்டத் தலைநகர். உடையார்பாளையம் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் தூசியும் இல்லாத அந்தப் பிரதேசத்தை நான் இந்தப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரைப் பற்றி யாராவது எழுதினால் கல்மரம், டைனோசர் முட்டை என்று கோடிக்கணக்கான வருஷத்துக்குத் தாவிவிடுவார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே மனிதர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள், யார் யாருக்கு உதவினார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாட்சி இல்லை. அந்தக் கடனை முதலில் ஒத்துக்கொண்டு விடுகிறேன்.

ஆனால் இடம்பெயர்வது என்றால் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பது கல்யாணம் ஆன யாருக்கும் தெரியும். புது ஊர், புது அடுப்பு. தண்ணீர் எங்கே எடுப்பது, விறகு எங்கே கிடைக்கும், பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்கலாமா கூடாதா என்று ஒவ்வொன்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் அம்மா சரஸ்வதி அம்மாள் இதைச் செய்திருப்பார். ஐயரின் பேனா வாசல் திண்ணையில் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறது. உள்ளே அது போகிற நேரம் குறைவு. அம்மாவின் மேல் பாசம் இல்லாமல் இல்லை. பாசம் தெரிகிறது, வேலைதான் தெரியவில்லை.

1868இல், பதிமூன்று வயதில், ஐயருக்குக் கல்யாணம். பெண்ணின் பெயர் மதுராம்பிகை. அவரும் சிறுமிதான். செலவு, சடங்கு, சாப்பாடு என்று அந்தக் காலத்துக் கல்யாணம் எப்படி நடந்தது என்பதை ரசித்து எழுதுகிறார். எனக்கு ரொம்பப் பிடித்த பக்கங்கள். கல்யாணம் முடிகிறது, பாடம் தொடர்கிறது, மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்கிறார். மதுராம்பிகை அதற்குப் பிறகு எங்கேயாவது ஒரு வரியில் நிழலாடிப் போவாரே தவிர, அவர் வாய் திறந்து பேசி எனக்கு நினைவில்லை.

ஒரு இஞ்சினியர் செய்கிற முதல் காரியத்தைச் செய்யப் போனேன். மின்னூலைத் திறந்து 'மனைவி' என்று தேடி எண்ணுவது. பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒரு ஆள் புத்தகத்தில் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள எண்ணிக்கை எதற்கு? அதற்குப் பதிலாக மூன்றாம் தடவை உட்கார்ந்து படித்தேன்.

அப்போது தட்டுப்பட்டது இது. இந்தப் புத்தகத்தில் அகம் இல்லாமல் இல்லை, அது வேறு இடத்தில் இருக்கிறது. பிள்ளையவர்களை முதலில் பார்க்கப் போகும்போது இருக்கும் படபடப்பு, அவர் ஒரு வார்த்தை பாராட்டினால் வரும் பூரிப்பு, அம்மை கண்டு அவரைப் பிரிந்திருந்த நாட்களின் ஏக்கம். 1876இல் அவர் உயிர் பிரிகிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து திருவாசகம் படித்த அந்த இடம். புணர்தலும் பிரிதலும் காத்திருத்தலும் இரங்கலும் வரிசையாக இருக்கின்றன. தமிழில் ஒரு ஆண் இன்னொருவர் மேல் வைத்த அன்பை இவ்வளவு விரிவாக எழுதிய உரைநடை குறைவு. அதனால்தான் அந்தப் பக்கங்கள் இன்னும் அழ வைக்கின்றன. அதனால்தான் வீட்டுப் பக்கம் இவ்வளவு காலியாகவும் தெரிகிறது.

அந்தக் காலத்தில் மனைவியைப் பற்றி எழுதுவது மரியாதை இல்லை என்று சொல்லலாம். சொல்கிறார்கள். அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. ஐயர் அந்த மரபில் ஊறியவர் என்றும் வாதாடலாம். ஆனால் விதி தடுப்பது பெயரைத்தானே? தயிரை அது தடுக்கவில்லை.

தயிர் என்று சொன்னது குறுந்தொகையின் 167ஆம் பாட்டை. கூடலூர் கிழார் பாடியது. புதுசாகக் குடித்தனம் வைத்த பெண் கெட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள், அந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள், தாளிக்கிற புகை கண்ணை நிறைக்கிறது, துவைக்காத அதே சேலையோடு குழம்பைத் தானே துழாவி வைக்கிறாள். புருஷன் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறான். அவள் முகத்தில் கண்டும் காணாமல் ஒரு மலர்ச்சி. அவ்வளவுதான் பாட்டு. பெயரே இல்லை. ஆனால் அந்தச் சேலைக் கறை இரண்டாயிரம் வருஷமாக அப்படியே இருக்கிறது.

இதைப் பார்த்துச் சொல்வது யார் என்பதும் முக்கியம். பெண்ணின் புது வீட்டுக்குப் போய்விட்டு வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொல்கிறாள். ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் பேயனார் இதற்கென்றே பத்துப் பாட்டு ஒதுக்கியிருக்கிறார், செவிலி கூற்றுப் பத்து. மகள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து சொல்வது என்பது தமிழில் ஒரு இலக்கிய வடிவமாகவே இருந்திருக்கிறது. என் மாமியார் முதல் தடவை சென்னை வந்து நாலு நாள் இருந்துவிட்டு அரியலூர் திரும்பியதும் சொந்தபந்தம் முழுக்கச் சொன்னது, "மாப்ள பாத்திரம்லாம் கழுவுறாரு" என்பதுதான். அது பெருமையா புகாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

குறுந்தொகையை 1937இல் தன் உரையோடு பதிப்பித்தவர் உ.வே.சா. அந்தத் தயிர் விரலுக்கும் புகைந்த கண்ணுக்கும் சொல் சொல்லாக உரை எழுதியது அவர் கைதான். மூன்று வருஷம் கழித்து அதே கை தன் வாழ்க்கையை எழுத ஆரம்பித்தது. இரண்டுக்கும் நடுவில் எனக்குத் தெரிகிற இடைவெளிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பார்க்கத் தெரியாதவர் என்று அவரைச் சொல்லவே முடியாது. ஓலையில் இருந்த வீட்டை அவர் பார்த்தார், உரையும் எழுதினார். பக்கத்து அறையில் இருந்த வீடு இலக்கியமாகும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை என்று எழுதப் போனேன். குற்றமாகத்தான் சொல்கிறேன், அவரிடம் மட்டும் இல்லாத குற்றமாக. இரண்டு தடவை படித்தும் அந்தப் பெண்ணை நான் தேடவே இல்லையே. டோல்கேட்டில் ஒருத்தி கேட்கிற வரைக்கும் அந்தக் காலி இடம் என் கண்ணில் படவில்லை. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. கார் வாங்குவதற்கு முந்தி, எங்கள் வீட்டுக்கு வந்தாலும் சென்னை திரும்ப அரியலூர் போய்த்தான் பல்லவன் பிடிப்போம். அத்தனை பயணத்திலும் என் மடியில் ஒரு புத்தகம், அவள் மடியில் பாப்பா. நான் படித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் கட்டுரையின் முதல் வரைவை அவளிடம் காட்டினேன். தயிர்ப் பாட்டு இருக்கும் இடத்தில் நிறுத்தினாள்.

"அவன் சாப்ட்டான், நல்லாருக்குன்னான். சரி. அவ சாப்ட்டாளா?"

பாட்டில் அது இல்லை. செவிலி அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் சொல்லவில்லை. உரைகளிலும் யாரும் இதைக் கேட்டு நான் படித்ததில்லை.

"உன்னைப் பத்தி எழுதியிருக்கறது பரவாயில்லையா?" என்றேன்.

"எழுதிக்கோங்க. பேரு மட்டும் வேணாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊருக்குப் போறதுக்கு பை யாரு அடுக்குனான்னு போடுங்க" என்றாள்.

அவள்தான் அடுக்கினாள். ஏழு பை. நான் வண்டிக்குக் காற்றடித்துவிட்டு வந்தேன்.