எடுக்கும் வரை

தேனி, கம்பம் பள்ளத்தாக்கில் சாவுச் செய்தி வந்ததும் கேட்பவர் வாயில் வரும் முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?" என்பதுதான். உயிர் பிரிந்ததற்கும் எடுப்பதற்கும் இடைப்பட்ட அந்தச் சில மணி நேரத்தில் கேத வீட்டுக்காரர் கடவுளுக்குச் செய்ய வேண்டிய கடமை ஏதும் உண்டா? இதைச் சட்டக் கேள்வியாகவே எடுத்து நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டவர்கள் யூத அறிஞர்கள். நம் பள்ளத்தாக்கின் வழக்கங்களை அந்த வாதத்தின் அருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் முதல் நூல் பெராகோத். அதன் மூன்றாம் அதிகாரம் எடுத்த எடுப்பிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. அடக்கம் செய்ய வேண்டிய பிணம் முன்னே கிடக்கும்போது, அன்றாடம் ஓதும் ஷெமாவிலிருந்தும், கையிலும் நெற்றியிலும் கட்டிக்கொள்ளும் தெஃபிலினிலிருந்தும் இறந்தவரின் உறவினருக்கு விலக்கு. மிஷ்னாவின் மேல் எழுந்த விரிவுரையான தால்முத் இதை விரித்து, பிரார்த்தனை உட்பட எல்லாக் கட்டளைகளுக்கும் அந்த விலக்கைப் பொதுவாக்குகிறது. இந்த நிலையில் இருப்பவரை ஓனென் என்பார்கள். தாய், தந்தை, மகன், மகள், சகோதரன், சகோதரி, கணவன் அல்லது மனைவி என ஏழு உறவுகளின் சாவுக்கே இந்த நிலை வரும். இறைச்சியும் திராட்சை மதுவும் கூடாது. உணவுக்கு முன்னும் பின்னும் சொல்லும் துதி கிடையாது.

ஏன் இந்த விலக்கு? எருசலேம் தால்முத் இரண்டு காரணங்களைத் தருகிறது. ஒன்று, இறந்தவருக்குச் செய்யும் மரியாதை. மற்றொன்று, இறந்தவரின் சுமையைத் தூக்க வேறு ஆள் இல்லை என்பது. இரண்டுக்கும் வேறுபாடு சிறிதுபோலத் தெரியும், விளைவோ பெரியது. சுமைதான் காரணமென்றால், வேலையை ஏற்க இன்னொருவர் கிடைத்ததும் ஓனென் பிரார்த்திக்கலாம். மரியாதைதான் காரணமென்றால், ஆள் கிடைத்தாலும் பிரார்த்திக்கக் கூடாது. யோசேப் காரோவின் சட்ட நூலான ஷுல்ஹான் அரூஹ் 1565இல் வெனிஸில் அச்சேறியது. தானாக விரும்பினாலும் ஓனென் துதி சொல்லக் கூடாது, பிறர் துதிக்கு ஆமென் சொல்லவும் கூடாது என்று அது கறாராக விதிக்கிறது. ஆனால் ஓய்வுநாளில் அடக்கம் நடக்காது என்பதால், அன்று கடமைகள் திரும்பி வருகின்றன. பிணத்தை அடக்கக் குழுவிடம் ஒப்படைத்துவிட்டாலும் விதி தளர்கிறது. இருபதாம் நூற்றாண்டில் யூத அறிஞர் யோசேப் சொலவெய்ச்சிக் இதற்கு இன்னும் ஆழமான விளக்கம் தந்தார். மனிதன் நிலைகுலைந்து, தன் கண்ணியத்தையே சந்தேகிக்கும் நேரம் அது. அப்போது அவனிடம் கடமையைக் கேட்க வேண்டாமென்று சட்டமே ஒதுங்கி நிற்கிறது என்றார்.

இனி நம் பக்கம். இந்துக் குடும்பத்தில் சாவு விழுந்தால் அடுப்பு எரியாது. சாப்பாடு உறவினர் வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ வரும். சாமி படத்துக்குப் பூவும் விளக்கும் கிடையாது. இறந்தவரின் தலைமாட்டில் மட்டும் விளக்கு எரியும். கோயில் தெருவில் பிணம் கிடந்தால், எடுக்கும் வரை கோயிலிலும் பூசை நடக்காது. நீர்மாலை எடுப்பது, கோடி போடுவது, வாய்க்கரிசி என்று செய்ய வேண்டியதெல்லாம் அந்த உடலுக்கே. செயலளவில் இது ஓனெனின் நிலைதான். காரணம் கேட்டால் மட்டும் எல்லோரும் ஒரே பதில் சொல்கிறோம்: தீட்டு.

இங்கேதான் யூதச் சட்டம் நமக்கு உதவுகிறது. பிணத் தீட்டு அவர்களிடமும் உண்டு. எண்ணாகமம் 19ஆம் அதிகாரம் முழுக்க அதுதான். ஆனாலும் துக்கத்தில் இருப்பவருக்குப் பிரார்த்தனையிலிருந்து விலக்கு தந்தபோது, தீட்டை அவர்கள் காரணமாக்கவில்லை; மரியாதையையும் சுமையையும்தான் சொன்னார்கள். நம் வழக்கத்துக்குள்ளும் அந்த இரண்டும் இருக்கின்றன என்பது என் துணிபு. தகப்பனைப் பறிகொடுத்தவனை அன்றைக்குச் சாமிக்கு ஆகாதவன் என்று சொல்வது ஒன்று. அவனுக்கு அன்றைக்கு வேறு கடமை இருக்கிறது என்று சொல்வது வேறு. இரண்டாவதே அவனுக்கு நியாயம் செய்யும்.

கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் பெருவாரியாக வாழும் ராவுத்தர்களின் வழி வேறு. ஐவேளைத் தொழுகை மையத்து வீட்டுக்காரருக்கும் தள்ளுபடி ஆவதில்லை. குனியும் ருகூவும் நெற்றியை நிலத்தில் பதிக்கும் ஸஜ்தாவும் இல்லாமல் நான்கு தக்பீர்களோடு நின்றபடியே தொழும் ஜனாஸா தொழுகை, ஊர் முழுவதற்குமான கடமை. சிலர் நிறைவேற்றினால் எல்லோர் பொறுப்பும் தீரும். கடமையைக் குறைக்காமல், சுமையை ஊரின் தோளுக்கு மாற்றுகிறது இஸ்லாம். கி.பி. 629இல் மூத்தா போரில் தம் உறவினர் ஜஅஃபர் வீழ்ந்தபோது, அவர் குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்கச் சொன்னார் நபிகள். இராயப்பன்பட்டி போன்ற கத்தோலிக்க ஊர்களிலோ உடலைச் சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொல்கிறார்கள். அங்கே அந்த நேரம் ஜெபத்துக்கே உரியது.

குளிர்பெட்டி வந்தபின் இந்த இடைவேளை நீண்டுவிட்டது. திருப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பிள்ளைகள் வந்துசேர ஒரு நாள், இரண்டு நாள் காத்திருக்கிறார்கள். கானாவிலக்கு அரசு மருத்துவமனையில் உடற்கூறாய்வு முடிந்து உடல் வரவும் காத்திருக்க நேர்கிறது. சிறை அதிகாரி உடலைத் தர மறுத்தால் உறவினர் ஓனென் ஆவாரா என்ற கேள்வியை ஷுல்ஹான் அரூஹ் அன்றே எழுப்பி, ஆகமாட்டார் என்று விடையும் சொன்னது. செய்ய வேலையே இல்லாத காத்திருப்புக்கு என்ன முறை என்று நம் ஊர்ப் பெரியவர்களும் இன்று யோசித்தாக வேண்டும்.

ஆய்வுகளில் இந்த இடைவேளைக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. பக்கத்துப் பிறமலைக் கள்ளர் நாட்டைப் பற்றி லூயி துய்மோன் 1957இல் வெளியிட்ட நூல் உறவுமுறைக்குப் பெயர் பெற்றது. இசபெல் கிளார்க்-தெசே 2005இல் எழுதிய நூல் ஒப்பாரியையும் பறை முழக்கத்தையும் மயானப் பாட்டையும் கேட்டு எழுதியது. அழுகுரலைப் பதிவு செய்த அளவுக்கு, அந்த நேரத்தில் யாருக்கு எதிலிருந்து விலக்கு, யார் தலையில் எந்தக் கடமை என்பதை நாம் பதிவு செய்யவில்லை. உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியிலும் தேனிக் கல்லூரிகளிலும் படிக்கும் மாணவர்கள் இதைச் செய்யலாம். மூன்று சமயத்தாரும் ஒரே தெருவில் வாழும் ஊர்கள் இங்கே இருக்கின்றன. அடுப்பை யார் அணைத்தார், சோறு யார் வீட்டிலிருந்து வந்தது, அன்று கும்பிட வேண்டாமென்று சொன்னது யார், என்ன காரணம் சொன்னார் என்று பாட்டிமார்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.