எந்தத் தெருவிலிருந்து பார்க்கிறோம்?
இந்தியச் சமூகவியல், மானிடவியல் துறைகள்: ஒரு மதிப்பீடு

இந்தியாவில் சமூகவியலுக்கென்று ஒரு தனித்துறை முதலில் அமைந்தது பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில், 1919இல். அதன் முதல் பேராசிரியர் ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ். உயிரியல் படித்து, நகர அமைப்பு ஆய்வுக்கு வந்தவர். நகரங்களைப் பற்றி அவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த படங்களும் வரைபடங்களும் 1914இல் இந்தியா வரும் வழியில் கப்பலோடு மூழ்கின. சென்னைமீது குண்டு வீசிய அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன்தான் அந்தக் கப்பலையும் மூழ்கடித்தது. மறுபடியும் திரட்டிய படங்களை வைத்து 1915இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார் கெடிஸ். பின் சென்னை மாகாணத்தின் ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். பழைய தெருக்களை இடித்துத் தள்ளாமல், அங்கே வாழ்கிறவர்களின் தேவை அறிந்து சிறுசிறு மாற்றங்கள் செய்யுங்கள் என்பதே அவருடைய ஆலோசனை.

முதலில் நடந்து பார், பிறகு எழுது. இந்தத் துறையின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஆனால் நடந்து பார்ப்பவர் எங்கிருந்து கிளம்புகிறார், யார் வீட்டில் தங்குகிறார், எழுதியதை யாரிடம் காட்டுகிறார் என்பவையும் அந்த அறிவின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்ட இந்தத் துறையை அந்தக் கேள்விகளை வைத்தே மதிப்பிட வேண்டும்.

பம்பாயில் கலந்த இரு துறைகள்

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டன. தங்கள் சமூகத்தைப் படிப்பது சமூகவியல்; தாங்கள் ஆண்ட மக்களைப் படிப்பது மானிடவியல். சென்னையில் இந்த இரண்டாவது வகை அருங்காட்சியகத்தில் தொடங்கியது. அதன் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தார். ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அந்த நூல்களில் மக்கள் அகர வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறார்கள். ஒரு சாதிக்கும் அடுத்த சாதிக்கும் நிலத்திலும் கூலியிலும் இருந்த உறவு அந்த வரிசையில் தெரிவதில்லை.

கெடிஸுக்குப் பின் 1924இல் பம்பாய்த் துறையின் தலைமைக்கு வந்த ஜி. எஸ். குர்யே இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. அவர் கேம்பிரிட்ஜில் படித்தது மானிடவியல். அங்கே அவருடைய ஆசிரியர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், நீலகிரித் தோடர்களைப் பற்றி 1906இல் புகழ்பெற்ற நூலை எழுதியவர். மானிடவியல் பயின்ற குர்யே சமூகவியல் துறையை 1959 வரை நடத்தினார். சாதி, உறவுமுறை, பழங்குடி, சாதுக்கள், நகரம் எல்லாமே ஒரே துறையின் பொருள்களாயின. தம்மைத் தாமே படிக்கும் சமூகத்துக்கு இரண்டு துறைகள் எதற்கு? இந்தியச் சமூகவியல் உலகுக்குச் சொன்ன முதல் முக்கியமான செய்தி இதுவென்று நினைக்கிறேன்.

குர்யே பெரும்பாலும் நூலகத்து மனிதர். ஆனால் மாணவர்களைக் களத்துக்கு அனுப்பினார். ஐராவதி கார்வே, எம். என். ஸ்ரீநிவாஸ், ஏ. ஆர். தேசாய் மூவரும் அவரிடம் பயின்றவர்கள். கார்வே இந்தியாவின் உறவுமுறைகளை வட்டாரவாரியாக வகுத்தார். தெற்கில் மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் குடும்பத்தின் கட்டமைப்பையே எப்படி மாற்றுகிறது என்று காட்டினார். தேசாய் மார்க்சியராக இந்தியத் தேசியத்தின் சமூகப் பின்புலத்தை எழுதினார். ஒரே ஆசிரியரிடமிருந்து இப்படி மூன்று திசைகளில் போனவர்கள் கிளம்பியதே அந்தத் துறைக்குப் பெருமை.

ராம்புராவும் ஸ்ரீபுரமும்

ஸ்ரீநிவாஸ் 1948இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் போய்த் தங்கினார். ராம்புரா என்று அதற்குப் புனைபெயர் இட்டார். ஏட்டில் இருக்கும் நான்கு வருணங்களை விட்டுவிட்டு, ஊரில் நிலமும் எண்ணிக்கையும் செல்வாக்கும் யாரிடம் இருக்கின்றன என்று பார்த்தார். ஆதிக்கச் சாதி என்ற கருத்து அப்படித்தான் பிறந்தது. தமிழ்நாட்டுத் தேர்தல் களத்தைப் பற்றிப் பேசும் எவரும், அவர் பெயரை அறியாவிட்டாலும், இன்று அந்தக் கருத்தைப் பயன்படுத்துகிறார்கள். 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது, பல ஆண்டு உழைத்துத் தொகுத்த குறிப்புகள் எரிந்துபோயின. நினைவிலிருந்தே அந்த ஊரை மறுபடி எழுதி 1976இல் நூலாக்கினார்.

அதற்குள் அவர் 1959இல் டெல்லிப் பொருளியல் பள்ளியில் ஒரு புதிய சமூகவியல் துறையை உருவாக்கியிருந்தார். அங்கே இளம் ஆசிரியராகச் சேர்ந்த ஆந்த்ரே பெத்தேய், 1960களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் மாவட்டத்துக்கு வந்து, ஸ்ரீபுரம் என்று அவர் பெயரிட்ட ஊரில் தங்கினார். 1965இல் வெளியான அவருடைய நூலின் வாதம் தெளிவானது. முன்பு சாதியில் உயர்ந்தவர்களிடமே நிலமும் இருந்தது, அதிகாரமும் இருந்தது. இப்போது மூன்றும் பிரியத் தொடங்கிவிட்டன. அக்ரகாரத்துப் பிராமணர்கள் நிலத்தை விற்று நகரத்துக்குப் போக, ஊரின் அதிகாரம் பிராமணரல்லாதோர் கைக்கு வந்துகொண்டிருந்தது. திராவிட இயக்கம் மேடையில் பேசியதை, ஒரு கிராமத்தின் நிலக் கணக்கிலும் பஞ்சாயத்திலும் வைத்துக் காட்டிய ஆய்வு அது.

இரண்டு பெரிய ஆய்வுகளுக்கும் ஒரு பொது எல்லை உண்டு. ஸ்ரீநிவாஸ் தங்கியது ஊர்த்தலைவருக்குச் சொந்தமான வீட்டில். பெத்தேய் தங்கியது அக்ரகாரத்தில். அக்ரகாரத்தில் குடியிருப்பவர் சேரிக்குள் இயல்பாகப் போய்வர முடியாது. சேரி மக்களும் அவரை அந்தத் தெருவின் ஆளாகவே பார்த்தார்கள். இருவருமே இந்த எல்லையை வெளிப்படையாக எழுதி வைத்தது அவர்களுடைய நேர்மை. ஆனால் ஒப்புக்கொண்டதால் எல்லை மறைந்துவிடுவதில்லை. ஸ்ரீபுரம் நூல் வந்த மூன்றாம் ஆண்டில், 1968 டிசம்பர் 25 அன்று, அதே தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டவர்களின் உலகம் அது. அதைச் சேரியிலிருந்து பார்த்து எழுத, அன்று எந்தப் பல்கலைக்கழகத் துறையிலும் போதிய இடம் இருக்கவில்லை.

துறைக்கு வெளியே நின்ற அம்பேத்கர்

இதைவிடப் பெரிய விடுபடல் ஒன்றும் உண்டு. 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளைப் பற்றி அம்பேத்கர் ஒரு கட்டுரை வாசித்தார். சாதியின் சாரம் தீட்டிலோ தொழிலிலோ இல்லை, சாதிக்குள்ளேயே மணந்துகொள்ளும் அகமணத்தில் இருக்கிறது என்றார். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, சிறுமி மணம் ஆகிய மூன்றும் அந்த அகமணத்தைக் காப்பதற்காக உண்டான ஏற்பாடுகள் என்று விளக்கினார். சாதியையும் பெண்ணின் அடிமைத்தனத்தையும் ஒரே முடிச்சாகக் கண்ட அந்தக் கட்டுரை, பம்பாய்த் துறை பிறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முந்தியது.

பிறகு அம்பேத்கர் வாழ்ந்ததும் பாடம் சொன்னதும் அதே பம்பாயில். ஆனாலும் இந்தியச் சமூகவியல் வகுப்பறைகளில் அவருக்குக் கோட்பாட்டாளர் என்ற இடம் மிக நெடுங்காலம் கிடைக்கவில்லை. சட்ட மேதையாக, தலைவராக மட்டும் வைத்துக்கொண்டார்கள். புனேயில் சமூகவியலாளர் ஷர்மிளா ரேகே போன்றவர்கள் தலித் பெண்களின் தன்வரலாறுகளைப் பாடமாக்கி வாதாடிய பிறகே நிலைமை கொஞ்சம் மாறியது. பார்க்கப்படுகிறவர்களாக மட்டும் இருந்தவர்கள் பார்ப்பவர்களாகவும் வகுப்பறைக்குள் வந்ததுதான் இந்தத் துறை கண்ட மிகப்பெரிய முன்னேற்றம். ஆதிக்கச் சாதி என்ற கருத்தைவிட அதையே நான் மேலாகச் சொல்வேன்.

இருவேல்பட்டின் நூறு ஆண்டுகள்

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப்பட்ட ஒரு செல்வம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம், கடன், கூலி, உணவு பற்றிய விவரங்களைத் திரட்டச் செய்தார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, வடமலைபுரம் ஆகிய ஊர்கள் 1918இல் நூலில் பதிவாயின. 1930களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குப் போனார்கள். 1980களில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டை மறுபடி ஆராய்ந்தார்கள். 2008இல் ஜான் ஹாரிஸும் ஜெ. ஜெயரஞ்சனும் கே. நாகராஜும் போனார்கள்.

பண்ணையாளாகக் கட்டுண்டிருந்த உழைப்பு எப்படித் தளர்ந்தது, நகரத்து வேலை கிராமத்தை எப்படித் தொட்டது, ஊர்த் தெருவும் சேரியும் இன்றும் எங்கே பிரிந்து நிற்கின்றன என்பதை ஒரே ஊரில் வைத்து ஒரு நூற்றாண்டுக்குப் பார்க்க முடிகிறது. இப்படிப்பட்ட ஆவணம் ஒரு தனி மனிதரால் ஆகக்கூடியதில்லை. முன்னவர் விட்ட இடத்தில் பின்னவர் தொடர்வதற்குத்தான் பல்கலைக்கழகம் இருக்கிறது.

தமிழில் வளர்ந்த மானிடவியல்

ஆனால் மேற்சொன்ன நூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தமிழில் சமூக ஆய்வு வளர்ந்தது பெரும்பாலும் வேறு இடங்களில். நா. வானமாமலை 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். பிறகு ‘ஆராய்ச்சி’ இதழை நடத்தினார். கதைப்பாடல்களில் சாதி மோதலையும் நில உறவையும் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த மரபில் வந்த ஆ. சிவசுப்பிரமணியனும், அழகர்கோயிலை ஆராய்ந்த தொ. பரமசிவனும் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலுக்கு ஒரு துறையையே அமைத்தது. பக்தவத்சல பாரதி, பண்பாட்டு மானிடவியலின் கோட்பாடுகளைத் தமிழிலேயே கற்கும்படி நூல்கள் எழுதினார்.

உப்பு, உணவு, சிறுதெய்வம், தாய்மாமன் சீர் என்று இவர்கள் எழுதியதைக் கல்லூரி வாசலை மிதிக்காதவர்களும் படித்தார்கள். தங்கள் ஊர் வழக்கத்தை ஒப்பிட்டு மறுத்தார்கள், திருத்தினார்கள். எழுதப்பட்ட மக்களே வாசகர்களாகவும் இருந்ததால் பிழை வெளிப்பட வாய்ப்பு இருந்தது. பம்பாய்க்கும் டெல்லிக்கும் இந்த வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. மறுபக்கம், நிலக் கணக்கு, வீடுவாரிக் கணக்கெடுப்பு, ஒரே ஊரில் நீண்டகாலம் தங்குவது என்ற ஒழுங்கு தமிழ் மரபில் போதுமான அளவு வேர்பிடிக்கவில்லை. இந்த இரண்டு மரபுகளும் ஒன்றுக்கொன்று தேவை.

ஆகவே நம் சமூகவியல், மானிடவியல் துறைகள் செய்யக்கூடியவை தெளிவாகவே இருக்கின்றன. முதலாண்டுப் பாடத்தில் குர்யேவுக்கும் ஸ்ரீநிவாஸுக்கும் பக்கத்தில் அம்பேத்கரின் 1916 கட்டுரையும் தொ. பரமசிவனும் இருக்க வேண்டும். ஸ்லேட்டரின் ஊர்களுக்கு ஒவ்வொரு தலைமுறை மாணவரும் போக வேண்டும். இந்த முறை சேரியில் தங்கிக் கணக்கெடுப்பைத் தொடங்க வேண்டும். முனைவர் பட்ட ஆய்வு எந்த மொழியில் இருந்தாலும், அதன் முடிவுகள் தமிழில் எழுதப்பட்டு அந்த ஊர் மக்கள்முன் வாசிக்கப்பட வேண்டும். அவர்கள் சொல்லும் மறுப்பும் ஆய்வேட்டில் ஓர் இயலாகச் சேர வேண்டும். இவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை. தான் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது என்பதை ஒரு துறை முடிவு செய்தால் போதும்.