அளவுகோல் இல்லாத வீடுகள்

போர்க்காலக் கலைஞனைப் பற்றிய நாவல் கையில் கிடைத்தால் போதும், நாம் குறியீடு தேட ஆரம்பித்துவிடுவோம். உடைந்த தூரிகை என்றால் உடைந்த மனம், சிவப்பு என்றால் ரத்தம். தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ அந்தப் பழக்கத்துக்கு லேசில் இடம்கொடுக்காத புத்தகம். நாவல் இல்லைதான். ஆனால் போருக்குள்ளேயே வளர்ந்த யாழ்ப்பாணத்து ஓவியர் ஒருவர், பிறர் சொல்லச் சொல்லத் தொகுத்த நாவலாகத்தான் நான் அதை வாசிக்கிறேன்.

தோம்பு என்பது போர்த்துக்கேயரும் டச்சுக்காரரும் இலங்கையில் வைத்திருந்த நிலப் பதிவேடு. யாருக்கு எவ்வளவு நிலம் என்று ஆள்பவன் எழுதி வைத்துக்கொண்டது. சனாதனன் அதைத் தலைகீழாக்குகிறார். போரில் இடம்பெயர்ந்த தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் போய், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொல்கிறார். மொத்தம் 80 வீடுகள். வீட்டுக்காரர் கைப்பட வரைந்த தரைப்படம், அதைக் கட்டடக்கலைஞர் ஒழுங்குபடுத்தி வரைந்தது, பிறகு சனாதனனின் ஓவியம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் கைப்படம்தான். வீரபாண்டியில் பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவன் நான். பேட்டர்ன் மாஸ்டர் அட்டையில் கையால் வெட்டின வளைவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் வழுவழுவென்று ஆகிவிடும். தைக்க அதுதான் வேணும். ஆனால் அவர் கை எங்கே தயங்கியது என்பது காணாமல் போய்விடும். கட்டடக்கலைஞரின் படத்திலும் இதே கதைதான். சுவர்கள் நேராகின்றன, இனி யார் வேண்டுமானாலும் அங்கே குடிவரலாம் போலிருக்கிறது. கைப்படமோ, வரைந்தவருக்கு மட்டும் வழி தெரிந்த வீடு.

ஓவியங்களில்தான் குறியீடு நுழைகிறது. அழகானவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகு கொஞ்சம் சீக்கிரமே ஆறுதல் சொல்லிவிடுகிறது. ‘வீடு என்றால் இழந்த மண்’ என்று அர்த்தம் சொல்லிவிட்டு நாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிமின் வீடும், 1995இல் ராணுவம் நெருங்கியபோது யாழ்ப்பாணத்தைவிட்டு நடந்த தமிழரின் வீடும் ஒரே குறியீட்டுக்குள் அடங்குமா? யாரால் வெளியேறினார்கள் என்ற கேள்வியை ‘இழந்த மண்’ விழுங்கிவிடும். பதிவேடு விழுங்காது, அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தாள்.

தலைப்பில் இருக்கும் ‘முற்றுப்பெறாத’ என்பதையும் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்கிறேன். சேர்ந்திருப்பவை 80 வீடுகள். விட்டுப்போனவை அதைப்போலப் பல மடங்கு.