கொக்கியில் மாட்டிய வெண்கல உடுப்புகள்

லண்டன் வைட்ஹால் சாலையில் சிலைகளுக்குப் பஞ்சமில்லை. தளபதி ஹெய்க் குதிரைமேல் இருக்கிறார். பாதுகாப்பு அமைச்சகத்தின் முன்னால் மாண்ட்கோமரி, ஆலன்புரூக், ஸ்லிம் என்று தளபதிகள் நிற்கிறார்கள். இவர்களுக்கு நடுவே, சாலையின் மத்தியில், 22 அடி உயரத்தில் கறுத்த வெண்கலப் பாளம் ஒன்று. அதில் ஆளே கிடையாது. சுற்றிலும் 17 உடுப்புகள் கொக்கிகளில் தொங்குகின்றன, அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போர்க்காலப் பெண்களுக்கான நினைவுச் சின்னம் இது. ஜான் மில்ஸ் செய்தது. 2005 ஜூலையில் எலிசபெத் ராணி திறந்து வைத்தார்.

பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தால் பெரிய கறுப்புப் பெட்டி என்றுதான் தோன்றும். வெஸ்ட்மின்ஸ்டர் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போங்கள். வழியில் லட்யன்ஸ் வடிவமைத்த செனோடாஃப் வரும். போரில் மாண்டவர்களுக்கான அந்த வெள்ளைக் கல்லிலும் மனித உருவம் இல்லை. அங்கே சற்று நின்றுவிட்டு வந்தால் கண் பழகியிருக்கும்.

முதலில் தோள்களைப் பாருங்கள். உடம்பு இருக்கிற சட்டை வேறு, மாட்டிவைத்த சட்டை வேறு. உள்ளே ஆள் இல்லாததால் தோள் சரிகிறது, துணியின் கனமெல்லாம் கீழே இறங்குகிறது. நர்ஸின் மேலங்கி, வெல்டிங் முகமூடி என்று ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் சொல்கிறது. ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். எதிர்ச் சாரிக்கும் போக வேண்டும். எழுத்துகளையும் கவனியுங்கள்: போர்க்கால ரேஷன் புத்தகத்தில் இருந்த அதே எழுத்து வடிவம்.

இந்தச் சின்னம் நினைவூட்டும் கதைகளில் எனக்குப் பிடித்தது ரயில்வேக்காரப் பெண்களின் கதை. போரின்போது பிரிட்டிஷ் ரயில்வேயில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை பார்த்தார்கள். மூட்டை தூக்கினார்கள், டிக்கெட் பரிசோதித்தார்கள், சிக்னல் லீவர் இழுத்தார்கள், எஞ்சின்களின் கரியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்தார்கள். எஞ்சின் ஓட்ட மட்டும் விடவில்லை. போர் முடிந்து ஆண்கள் ஊர் திரும்பியதும் பெரும்பாலானவர்கள் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. இதைத் தெரிந்துகொண்டு அந்த உடுப்புகளை மறுபடி அண்ணாந்து பாருங்கள். ஷிஃப்ட் முடிந்து தானாகக் கழற்றி மாட்டியதா, ‘இனி வர வேண்டாம்’ என்று கழற்ற வைத்ததா? இரண்டுக்கும் இடம்கொடுத்து வார்த்திருக்கிறார் மில்ஸ்.

ஆண்களுக்குச் சிலை, பெண்களுக்கு வெறும் சட்டையா என்று கேட்டால், கேள்வி நியாயம்தான். அப்படிக் கேட்கிறவர்கள் ஷெஃபீல்டுக்கு ஒரு ரயில் பிடிக்கலாம். போர்க்கால உருக்காலைகளில் உழைத்த பெண்களுக்கு 2016இல் மார்ட்டின் ஜென்னிங்ஸ் வடித்த சிலை, சிட்டி ஹாலுக்கு வெளியே பார்க்கர்ஸ் பூல் சதுக்கத்தில் இருக்கிறது. அங்கே இரண்டு பெண்கள், வேலை உடுப்போடு, கைகோத்து நிற்கிறார்கள். அந்தச் சிலைக்காக வருடக்கணக்கில் முட்டிமோதியவர்கள், அதே ஆலைகளில் உழைத்து முதுமையை எட்டிவிட்ட பெண்கள்தான்.