வளைவில் தீர்மானமாகும் வெற்றி

2011 அகில ஜப்பான் மைக்ரோமவுஸ் போட்டியில் சிங்கப்பூரின் இங் பெங் கியாட் உருவாக்கிய ‘மின்7’ என்ற ரோபோ எலி, புதிர்ப்பாதையின் மூலையிலிருந்து புறப்பட்டு நடு இலக்கை 3.921 விநாடியில் எட்டியது. அந்த ஓட்டத்தைப் பார்ப்பவர்கள் முதலில் மோட்டாரைத்தான் பாராட்டுவார்கள். ஆனால் இந்த விளையாட்டில் பதக்கம் யாருக்கு என்பதை முடிவு செய்பவை வேறு இரண்டு: எலி வளைவில் திரும்பும் விதமும், அதற்கு முன்பே அது தேர்ந்தெடுத்த பாதையும்.

களத்தில் 16க்கு 16 எனப் பிரிக்கப்பட்ட 256 கட்டங்கள். ஒவ்வொன்றும் 18 செ.மீ. சுவரின் உயரம் 5 செ.மீ. சுவர்கள் எங்கே இருக்கும் என்பது எலிக்கு முன்கூட்டியே தெரியாது. ஆட்டம் தொடங்கிய பிறகு உருவாக்கியவர் அதற்குப் பாதையைச் சொல்லித் தரவும் கூடாது. கொடுக்கப்பட்ட சில நிமிடங்களுக்குள் எலி தானே தேட வேண்டும், நினைவில் வைக்க வேண்டும், பிறகு பாய வேண்டும்.

இலக்கு நடுவில் இருப்பதற்குப் பின்னால் ஒரு பாடம் இருக்கிறது. 1979இல் நியூயார்க்கில் நடந்த போட்டியில், எதையும் நினைவில் வைக்காமல் சுவரை ஒட்டியே வேகமாக ஓடிய எலி வென்றது. அடுத்த ஆண்டு லண்டன் போட்டிக்கு அதன் அமைப்பாளர் ஜான் பில்லிங்ஸ்லி இலக்கைக் களத்தின் நடுவுக்கு மாற்றினார். நடு இலக்கின் சுவர்கள் வெளிச்சுவரோடு சேராமல் தனித்து நின்றால், சுவரை ஒட்டி ஓடுகிற எலி எத்தனை முறை சுற்றினாலும் அங்கே போய்ச் சேராது. யோசிக்கிற எலிக்கே வெற்றி என்று ஆட்டம் மாறியது அப்போதுதான்.

புது ஆடுகளத்தில் முதல் ஓவர்களை நிதானமாக ஆடும் தொடக்க ஆட்டக்காரரைப் போல, நல்ல எலி முதல் ஓட்டத்தில் அவசரப்படாது. இலக்குக்கு எத்தனை கட்டம் மீதி என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் கொடுத்து, குறைந்த எண்ணை நோக்கி நகரும். அகச்சிவப்பு சென்சாரில் புதிய சுவர் தென்பட்டால் எண்களைத் திருத்திக்கொள்ளும். இப்படித் திரட்டிய வரைபடத்தை வைத்துத்தான் வேக ஓட்டம். அதில் தூரம் குறைந்த பாதையே சிறந்தது என்று நினைத்தால் தோல்விதான். நான்கைந்து கட்டம் கூடுதலாக இருந்தாலும், திருப்பங்கள் குறைந்த பாதை பலமுறை முந்திவிடும்.

காரணம் எளிய இயற்பியல். 9 செ.மீ. ஆரமுள்ள வளைவில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் திரும்பவே, எலியின் எடையைவிடச் சற்று அதிகமான பக்கவாட்டுப் பிடிப்பு டயருக்கு வேண்டும். வேகம் இரு மடங்கானால் பிடிப்பு நான்கு மடங்கு வேண்டும். வெறும் ரப்பரால் அது முடியாது. அதனால்தான் முன்னணி எலிகள் வயிற்றில் சிறு விசிறியைப் பொருத்தின. அடியிலுள்ள காற்றை உறிஞ்சி, எடையை அதிகம் கூட்டாமலே எலியைத் தரையோடு அழுத்துகிறது அது. படிக்கட்டுபோல் மாறி மாறி வரும் திருப்பங்களை ஒரே மூலைவிட்டக் கோடாக ஓடிக் கடப்பது இன்னொரு உத்தி. ஆனால் அங்கே தூண்களுக்கு நடுவே சுமார் 11 செ.மீ. இடைவெளிதான் கிடைக்கும். எலிகள் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துவந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மோட்டாரைக் கடையில் வாங்கிவிடலாம். வளைவில் எங்கே வேகத்தைக் குறைப்பது, சக்கரம் எவ்வளவு வழுக்கும், எந்தப் பாதையை நம்புவது என்பவற்றை மாதக்கணக்கில் சோதித்துத்தான் கற்க முடியும். வேலை முடிந்த மாலைகளில் மேசையில் அமர்ந்து இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் தனிமனிதர்கள். அந்த உழைப்புக்கு முழு மரியாதை தர வேண்டும். அடுத்த முறை மைக்ரோமவுஸ் காணொளி பார்க்கும்போது கடைசி நான்கு விநாடிப் பாய்ச்சலோடு நிறுத்திவிடாதீர்கள். மெதுவாக ஊரும் அந்தத் தேடல் ஓட்டத்தை முழுதாகப் பாருங்கள். ஆட்டம் வெல்லப்படுவது அங்கேதான்.